பேர் வெட்டிய டம்ளர்

ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் காலை. எங்கள் தெருவின் நடுவே ஒரு பெரிய பாய் விரித்திருந்தது. பாயின்மேல் எவர்சில்வர் டம்ளர்கள் குவிந்து கிடந்தன. சாம்பல் போட்டுத் தேய்த்திருந்ததால் வெயில் பட்டுக் கண் கூசியது. சுற்றிலும் தெருப் பெண்கள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

என் மனைவி சரோஜா ஒவ்வொரு டம்ளராக எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, அதில் வெட்டியிருந்த பேரை உரக்கப் படித்தாள். "கஜேந்திரன்" என்றாள். ஒரு கை நீண்டு வாங்கிக்கொண்டது. "பத்மாவதி" என்றாள். இன்னொரு கை நீண்டது.

எங்கள் பக்கத்தில் பாத்திரம் வாங்கினால் பேர் வெட்டாமல் வீட்டுக்குக் கொண்டுவர மாட்டோம். கடை வாசலில் ஒருவர் உட்கார்ந்து புள்ளி புள்ளியாக வெட்டிக் கொடுப்பார். கல்யாணத்துக்கு வைக்கிற டம்ளரில் மாப்பிள்ளை பெண் பேர் சின்னதாக இருக்கும், வைத்தவர் பேர் பெரிதாக இருக்கும். யார் வீட்டு டம்ளர் எத்தனை வருஷமாக யார் வீட்டு அலமாரியில் குடியிருந்தது என்பதும் அன்றைக்கு அந்தப் பாயில் வெளிச்சத்துக்கு வந்தது. சிரிப்பும் கேலியுமாகத் தெரு கல்யாண வீடு போல இருந்தது.

பாய் காலியானது. எதிர்வீட்டுத் தேசம்மா மட்டும் இன்னும் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

அவர் கேட்டது ஒரே ஒரு டம்ளர். "த. வேலாயுதம், திருத்தணி" என்று பேர் வெட்டியது. வேலாயுதம் அவருடைய கணவர். காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. சாமி அலமாரியில் விளக்குக்குப் பக்கத்தில் அந்த டம்ளர் இருக்கும். தேசம்மா தினமும் காலையில் அதில்தான் காப்பி குடிப்பார். வேறு யாரும் அதைத் தொடுவதில்லை. புதிதாக வந்த மருமகள் மஞ்சுவுக்கு இது தெரியாது. திருவிழாவுக்கு டம்ளர் வேண்டும் என்று சரோஜா கேட்டபோது, கையில் அகப்பட்டதையெல்லாம் அள்ளிக் கொடுத்ததில் அதுவும் வந்துவிட்டது.

சரோஜா பாயை உதறிப் பார்த்தாள். தேய்த்த தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாள். இல்லை.

வாசகி கேட்ட கேள்வி

அந்த டம்ளர் பாய்க்கு வந்த கதையைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். பல வாரமாக இந்தத் தொடரில் பஸ், டிப்போ, டிக்கெட் என்றே எழுதிக்கொண்டிருக்கிறேன். கட்டின மனைவியைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று ஒரு வாசகி கேட்டார். அந்த வாசகி வேறு யாருமில்லை, சரோஜாவின் தங்கை. இருந்தாலும் கேள்வி நியாயமானது.

சரோஜா அம்மையார்குப்பத்துப் பெண். நெசவுக் குடும்பம். தறியில் ஒரு இழை அறுந்தால் அதைப் பிடித்து முடிச்சுப் போட்டு மேலே நெய்வார்களே தவிர, அறுந்ததே என்று விட்டுவிட மாட்டார்கள். அந்தப் புத்தியோடுதான் அவள் என் வீட்டுக்கு வந்தாள். ஆர்.கே.பேட்டை டவுன் பஸ்ஸில் கண்டக்டராக ஊர் சுற்றிக்கொண்டிருந்த எனக்கு, என் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பது ரிடையர் ஆன பிறகுதான் முழுசாகத் தெரிந்தது.

பால் கவரின் மூக்கு

முதலில் பால் கவர். நானும் நீங்களும் கத்தரிக்கோலால் மூலையை நறுக்கென்று வெட்டிப் பாலை ஊற்றுவோம். எங்கள் வீட்டில் அது குற்றம். மூக்கைப் பாதிதான் வெட்ட வேண்டும், அது கவரோடு ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வெட்டி விழுந்த துண்டு நகக்கண் அளவு இருக்கும். அதை யாரும் பொறுக்க மாட்டார்கள். அது சாக்கடைக்குப் போகும், இல்லாவிட்டால் மாட்டு வயிற்றுக்குப் போகும். ஒட்டியிருந்தால் கவரோடு சேர்ந்து பழைய பேப்பர்காரரிடம் போய்விடும்.

கழுவிய பால் கவர்கள் கொடியில் என் சட்டைக்குப் பக்கத்தில் கிளிப் மாட்டித் தொங்கும். வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். நான் ஒன்றும் சொல்வதில்லை. கண்டக்டர் வேலையில் முதலில் கற்றுக்கொள்வதே பேச்சு வாங்கிக்கொள்வதுதான்.

பின்கட்டில் ஓட்டை போட்ட இரண்டு மண் தொட்டிகள் இருக்கின்றன. காய்கறித் தோல், காப்பிச் சக்கை, வாடின பூ எல்லாம் ஒன்றில் விழும். மேலே ஒரு கை சருகு, எப்போதாவது கொஞ்சம் புளித்த மோர். நாற்றம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஒன்று நிறைந்தால் அதை ஆறப் போட்டுவிட்டு அடுத்ததில் போடுவாள். ஆறினதைக் கையில் அள்ளினால் மழை பெய்த மண் வாசனை. அதைத் தின்று வளர்ந்த கறிவேப்பிலை மரம் இன்றைக்குத் தெரு முழுக்க ரசம் தாளிக்கக் கொடுக்கிறது.

என் வேட்டிக்கு அவள் கொடுக்கும் மறுபிறவிகளையும் சொல்லியாக வேண்டும். கிழிந்த வேட்டி முதலில் துண்டாகும். துண்டு நைந்தால் வடிகட்டித் துணியாகும். அதுவும் போனால் அடுப்படி துடைக்கும் துணி, அதற்குப் பிறகு தரைக்கு. கடைசியில் மிஞ்சுகிற நூலைத் திரித்து விளக்குக்குத் திரி போட்டுவிடுவாள். வேட்டி சாமியிடம் போய்ச் சேரும். எனக்கு அவ்வளவு நல்ல கதி கிடைக்குமா என்று சந்தேகம்தான்.

பரோட்டாக் கடைக்குத் தூக்குப் பாத்திரம் எடுத்துக்கொண்டு போகச் சொல்வாள். முதல் நாள் வெட்கமாக இருந்தது. கடைக்காரர் பாத்திரத்தை மேலும் கீழும் பார்த்தார். கவரில் கட்டினால் அளவாகத்தான் ஊற்ற முடியும். தூக்கில் ஊற்றும்போது அளவு தெரியாமல் சால்னா கூடுதலாக விழுந்தது. மறுநாளிலிருந்து வெட்கம் போய்விட்டது.

ஆனால் இதெல்லாம் அவளுக்குப் பெரிய விஷயமே இல்லை. அவள் பிடிவாதமெல்லாம் வாங்காமல் விடுவதில்தான். கடையில் எதையாவது எடுத்து, ஒரு நிமிஷம் பார்த்து, திரும்ப வைத்துவிடுவாள். ஏன் என்று கேட்டால் ஒரே பதில்தான்.

"வூட்டுக்குள்ள வந்தாதானே அத்த எங்க போட்றதுன்னு ரோசனை பண்ணணும்."

பஸ்ஸில் கிடந்தது

கொஞ்சம் விலகிப் போகிறேன், மன்னிக்க வேண்டும். மாங்காய்க் காலத்தில் என் பஸ்ஸின் தரையைப் பார்த்திருக்க வேண்டும். ஆர்.கே.பேட்டையில் ஏறி மாம்பழத்தைக் கடிக்க ஆரம்பிப்பவர் திருத்தணியில் கொட்டையைச் சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டு இறங்குவார். வேர்க்கடலைத் தோல், பூச்சரம், தண்ணீர் பாக்கெட், நானே கிழித்துக் கொடுத்த டிக்கெட். கடைசி டிரிப் முடிந்து கூட்டினால் ஒரு கூடை சேரும்.

அத்தனை வருஷத்தில் அதில் ஒரு ஆச்சரியம் கவனித்தேன். யாரும் தன் வீட்டுத் தரையில் மாங்கொட்டை போடுவதில்லை. பஸ்ஸில் போடுகிறார்கள், ஏனென்றால் பஸ்ஸில் அவர்கள் பேர் எழுதியிருக்கவில்லை. இதை நான் சரோஜாவிடம் ஒருநாள் சொன்னேன். அவள் சும்மா தலையாட்டினாள். அதை வைத்து அவள் ஒரு திருவிழாவையே புரட்டிப்போடுவாள் என்று எனக்குத் தெரியாது.

காவடி போன பிறகு

ரயிலடியிலிருந்து மலைப்படிக்குப் போகிறவர்கள் புகுந்து போகிற குறுக்குத் தெரு எங்களுடையது. ஆடிக் கிருத்திகை வந்தால் தெரு கொள்ளாத கூட்டம். பூக்காவடி, பால்குடம், பம்பைச் சத்தம், மஞ்சள் வேட்டி. நகரி, புத்தூர் என்று ஆந்திராப் பக்கத்திலிருந்தும் வருவார்கள். தெருமுனை வேப்பமரத்தடியில் எங்கள் தெருக்காரர்கள் பந்தல் போட்டு மோரும் மத்தியானச் சாப்பாடும் கொடுப்பது வழக்கம்.

மோர் கொடுப்பது புண்ணியம். காகிதக் கப்பில் கொடுத்தோம். குடித்தவர்கள் நடந்துகொண்டே குடித்து, நடந்துகொண்டே போட்டுவிட்டுப் போனார்கள். மறுநாள் தெருவில் கால் வைக்க இடமில்லை. ஒரு வருஷம் திருவிழா முடிந்த கையோடு மழை கொட்டியது. கப்பெல்லாம் சாக்கடையில் போய் அடைத்துக்கொள்ள, தண்ணீர் தேசம்மா வீட்டுக்குள் ஏறிவிட்டது. நாங்கள் கொடுத்த மோரின் புண்ணியம் அவர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் மிதந்தது.

அடுத்த ஆடிக்கு முன்னால் சரோஜா வீடு வீடாகப் போனாள். இந்த முறை கப் வாங்க வேண்டாம், வீட்டுக்குக் கொஞ்சம் டம்ளர் கொடுங்கள், கழுவிக் கழுவிக் கொடுப்போம் என்றாள். கழுவுவது யார் என்று கேட்டார்கள். ஆம்பிளைகள் என்றாள். தெரு ஆண்கள் என்னை முறைத்தார்கள். வருகிறவர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது என்றும் கேட்டார்கள்.

"பேர் வெட்டின டம்ளர எவன்கா எட்த்துகினு போவான்" என்று சிரித்தாள் சரோஜா.

முதலில் சம்மதித்தது தேசம்மாதான். தண்ணீர் ஏறின வீடு அவருடையது. அவர் சரி என்றதும் தெரு முழுக்கச் சரி என்றது.

அன்றைக்கு நான் கழுவிய டம்ளர்களை என் சர்வீஸில் கிழித்த டிக்கெட்டோடு ஒப்பிடலாம். ஆனால் சாயங்காலம் தெருவைப் பார்த்தபோது எனக்கே மார்பு நிமிர்ந்தது. ஒரு கப் இல்லை. காவடியிலிருந்து உதிர்ந்த சாமந்தியும் சாப்பாடு போட்ட வாழையிலையும் மட்டும் கிடந்தன. அவற்றைக் கூட்டித் தெருக்கோடியில், காலி மனைக்காரரைக் கேட்டு வெட்டிய குழியில் போட்டு மண் மூடினோம். சரோஜா இடுப்பில் கை வைத்துக்கொண்டு தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தாள். அவளைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. நல்ல வேளையாக அதை அப்போதே அவளிடம் சொல்லியும் விட்டேன்.

மறுநாள் காலையில்தான் அந்தப் பாய், அந்த ஒரு டம்ளர்.

பேசாத எதிர்வீடு

தேசம்மா சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையை மடக்கிக்கொண்டு எழுந்து உள்ளே போனார். மஞ்சு வாசலில் நின்று அழுதாள்.

சரோஜா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நேரே குழிக்குப் போனாள். எச்சில் இலையோடு போயிருக்குமோ என்று முழுக்கக் கிளறினாள். சாக்கடையில் இறங்கிக் கையால் துழாவினாள். டீக்கடை, பூக்கடை, தேங்காய்க் கடை எல்லா இடத்திலும் கேட்டாள். எங்கேயும் இல்லை.

அதற்குப் பிறகு தேசம்மா எங்கள் வீட்டுப் பக்கம் வருவதில்லை. கறிவேப்பிலைக்கு மஞ்சு வருவாள், சத்தமில்லாமல் கிள்ளிக்கொண்டு போவாள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? காகிதக் கப் என்றால் போனால் போகட்டும், இப்போது வேலாயுதத்தின் டம்ளரை யார் கொடுப்பது என்று பேசிக்கொண்டார்கள். அடுத்த வருஷம் வழக்கம்போலக் கப்பே வாங்கிவிடலாம் என்று முடிவே செய்துவிட்டார்கள். சரோஜா ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்திருப்பாள். சோறு வீணாக்குவது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் முறை.

புது டம்ளர் வாங்கி அதே பேரை வெட்டிக் கொடுத்துவிடலாமே என்று நான் யோசனை சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் அந்த யோசனையை நானே திரும்ப வாங்கிக்கொண்டேன்.

வேப்பமரத்தடிக் குடம்

ஆவணிக் கிருத்திகை அன்று காலையில் சரோஜா ஒரு குடம் தண்ணீரும் எங்கள் வீட்டு டம்ளர் இரண்டும் எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனாள். பந்தல் போட்ட அதே இடம். எதற்கு என்று கேட்டேன்.

"எட்த்துகினு போனவங்க திருடிகினு போயிருக்க மாட்டாங்க. மறுபடி மலைக்கு வருவாங்க இல்ல, வந்தா இந்த எடத்ததான் தேடுவாங்க. வரும்போது இங்க யாராவது இருக்கணும்."

மாதாமாதம் கிருத்திகைக்கு மலைக்கு வருகிற கூட்டம் எங்கள் ஊருக்குப் புதிதல்ல. அந்த மாதாமாதக் கூட்டத்தில் ஒரு டம்ளரைத் தேடி உட்கார்ந்திருந்தவள் சரோஜா ஒருத்திதான். புரட்டாசி வெயிலில் உட்கார்ந்தாள். ஐப்பசி மழையில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். குடம் தூக்குகிற வேலை எனக்கு. பழைய பொருள் எதையும் வீணாக்காதவள், ரிடையரான கண்டக்டரையும் விட்டுவைக்கவில்லை.

தேசம்மா தன் வீட்டு ஜன்னலிலிருந்து அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார் என்று மஞ்சு பின்னால் சொன்னாள்.

தைக் கிருத்திகை அன்று ஒரு அம்மா வந்தார். நகரிப் பக்கத்துக் கிராமம். தலையில் பூ, கையில் ஒரு துணிப்பை. குடத்தையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பையிலிருந்து துணியில் சுற்றிய டம்ளரை எடுத்தார். சரோஜா சட்டென்று எழுந்து நின்றாள்.

ஆடியில் அவர் கணவர் காவடி எடுத்து வந்திருக்கிறார். எடுத்த காவடியை மலை ஏறும் வரைக்கும் கீழே வைக்கக் கூடாது. அதனால் இந்த அம்மா பந்தலில் மோரை வாங்கிக்கொண்டு, கூடவே ஓடி ஓடி அவர் வாயில் ஊற்றியிருக்கிறார். கூட்டம் தள்ளிக்கொண்டு போய்ப் படிக்கட்டில் விட்டுவிட்டது. எப்போதும் போலக் கப்பைக் கீழே போடக் கையை உதறியபோதுதான் அது கனத்திருக்கிறது. எதிரே வந்த ஜனத்தில் திரும்பி வர முடியவில்லை. இறங்கும்போது பஸ்ஸில் வேறு வழியாக இறங்கிவிட்டார்கள். வீட்டில் யாருக்கும் தமிழ் எழுத்துத் தெரியாது. தமிழ் படித்த ஒருவர் பொங்கலுக்கு வந்தபோதுதான் பேரும் ஊரும் தெரிந்திருக்கிறது.

சரோஜா கை நீட்டினாள். அந்த அம்மா டம்ளரை மார்போடு அணைத்துக்கொண்டார். சாமி காரியத்துக்கு வந்த பொருள், பேர் போட்டவர் கையிலேதான் கொடுப்பேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னார்.

அவர் இல்லை என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். சரோஜா என் கையை அழுத்தினாள். "வாங்கம்மா" என்று மட்டும் சொல்லி முன்னால் நடந்தாள்.

வாசலில் ஒரு குரல்

தேசம்மா கூடத்தில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். மஞ்சு பக்கத்தில் இருந்தாள். அந்த அம்மா வாசற்படிக்கு வெளியே நின்று, தெலுங்கு மரியாதையில் கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டார்.

"வேலாயுதம் காரு, வேலாயுதம் காரு இருக்காருங்களா?"

முறம் நின்றது. மஞ்சு மாமியாரைப் பார்த்தாள். எனக்கு அந்த இடத்திலிருந்து ஓடிவிடலாமா என்று இருந்தது.

தேசம்மா தலையைத் தூக்கினார். வாசலில் நின்றவரைப் பார்த்தார். அவர் கையில் இருந்ததைப் பார்த்தார்.

"ஆங், இருக்காருங்க" என்றார். "உள்ள வாங்க."

உள்ளே வந்த அம்மாவின் கண்ணில் முதலில் பட்டது மாலை போட்ட படம்தான். அவருக்குப் புரிந்துவிட்டது. நேரே போய் டம்ளரைப் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார். தேசம்மா அந்த டம்ளரை எடுத்துக் கழுவினார். பேரின் மேல் கட்டைவிரலால் இரண்டு மூன்று தரம் தடவினார். அதிலேயே மோர் ஊற்றி, வந்தவர் கையில் கொடுத்தார். அவர் குடித்து முடிக்கும்வரை எதிரே நின்றார். நானும் சரோஜாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். அதை மறைத்து எழுத எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது, ஏன் அந்த அம்மாவிடம் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அந்த வாசல்ல நின்னு அவர் பேரச் சொல்லி யாராவது கூப்ட்டு எத்தினி வருசம் ஆவுது. கூப்டட்டுமேன்னுதான்" என்றாள் சரோஜா.

இவளோடு இத்தனை காலம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். இருந்தும் அன்றைக்குத்தான் முதல் தடவை பார்ப்பதுபோலப் பார்த்தேன்.

அடுத்த ஆடி வந்தது. சரோஜா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு டம்ளர் கேட்டுப் புறப்பட்டாள். எதிர்வீட்டுக்குப் போகலாமா வேண்டாமா என்று தயங்கித் தெருவில் நின்றாள். கதவைத் திறந்துகொண்டு தேசம்மாவே வந்தார். பின்னாலேயே மஞ்சு தட்டில் டம்ளர்களை அடுக்கி எடுத்து வந்தாள். தேசம்மா கையில் மட்டும் தனியாக ஒன்று இருந்தது. அதைக் கூடையில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார்.

"போன வருசம் இந்தப் பொண்ணு தெரியாம குட்த்துச்சு, சரோஜா" என்றார். "இந்த வருசம் நான் தெரிஞ்சே குட்க்கிறேன்."